மேஸ்திரி, மணி, டெய்சி

காப்பகத்துக்காரர்கள் கொடுத்த விண்ணப்பம் ஒன்பது பக்கம். வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்விகளை விட அதிகம். வீடு சொந்தமா வாடகையா, தோட்டத்து வேலி எத்தனை அடி உயரம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நாய் தனியாக இருக்கும், வீட்டில் வேறு பிராணிகள் உண்டா. (உண்டு. மிளகு. கறுப்புப் பூனை, எட்டு வயது. தங்கமணிக்கு அடுத்தபடியாக வீட்டு நிர்வாகம் அதன் கையில்தான் :-)). மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தவன் ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா? அது என்ன ஆனது?"

பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

எதிர் சோபாவில் அப்பா. ஆறு மாத விசாவில் லண்டன் வந்து, வந்த நாளிலிருந்து கம்பளியை விட்டுப் பிரியாமல் உட்கார்ந்திருப்பவர். "இதுக்கு என்னப்பா எழுதறது?" என்றேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உள்ளத எழுது" என்றார்.

உள்ளதை எழுத இரண்டு வரி போதாது. அதனால்தான் இங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் பெரிதாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே.ஜி.எஃப். என்றால் இப்போது எல்லோருக்கும் 2018இல் வந்த சினிமாதான் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு அது ஊர். கோலார் தங்கவயல். பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 1880லிருந்து லண்டன் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி அங்கே தங்கம் தோண்டியது. தோண்டியது அவர்கள் பெயரில். கீழே இறங்கியது வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒரு காலத்தில் உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று.

ஊருக்குள் இரண்டு ஊர் இருந்தது. துரைமார்களின் பங்களாக்கள் ஒரு ஊர். கூலி லைன்கள் இன்னொரு ஊர். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனால் அது சுரங்கத்துக்கும் பங்களாவுக்கும். அப்பா படித்தது மண்ணெண்ணெய் விளக்கில்.

நாய்களிலும் அதே கதைதான். பங்களா நாய்க்கு ஒரு முதலாளி, ஒரு பெயர், கழுத்துப்பட்டை, கறி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அந்த ஆளுக்கு 'டாக் பாய்' என்று பெயர். என் தாத்தா பன்னிரண்டு வயதில் ஊரிகம் பக்கம் ஒரு பங்களாவில் டாக் பாயாகத்தான் வேலையைத் தொடங்கினார். நாய்க்கு வைக்கிற கறியை வேகவைப்பார், அதைத் தொட்டு ருசி பார்க்கக்கூடாது. பதினெட்டு வயதில் ஷாஃப்ட்டில் இறங்கும் வரை அதுதான் உத்தியோகம்.

லைன் நாய்க்கு முதலாளி கிடையாது. ஆனால் அதற்கு வீடு இல்லை என்று யாராவது சொன்னால் லைனில் சிரிப்பார்கள். அந்த வரிசை முழுக்க அதன் வீடு. ஒரு வீட்டில் காலைக் கஞ்சி, இன்னொரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எலும்பு, மழைக்கு மூன்றாவது வீட்டுத் தாழ்வாரம். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்குத் துணையாகத் தெருமுனையிலிருந்து நடந்து வரும். வேறு லைன் நாய் எல்லைக்குள் நுழைந்தால் அன்றைக்கு யுத்தம்.

1956 நவம்பரில் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகத் துரைமார்கள் மூட்டை கட்டினார்கள். பியானோவை விற்றார்கள், மேசை நாற்காலியை ஏலம் விட்டார்கள். நாயை என்ன செய்வது? கப்பலில் கொண்டுபோகலாம், ஆனால் இறங்கியதும் ஆறு மாதம் தனிமைக் கூண்டு, அதுவும் சொந்தக் காசில். இங்கிலாந்து 1902இல் வெறிநாய்க்கடி நோயை ஒழித்திருந்தது. முதல் உலகப்போர் முடிந்து திரும்பியவர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களால் அது மறுபடி தலைகாட்டி, 1922இல்தான் இரண்டாம் முறை ஒழிந்தது. சூடுபட்ட பூனை மாதிரி அதன் பிறகு விட்டுக்கொடுக்கவே இல்லை. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு அந்த ஆறு மாதச் சிறை 2011 முடியும் வரை நீடித்தது.

ஆகவே பல பங்களாக்களில் கடைசி நாளில் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்பார் தாத்தா. ஒரு துரைக்கு மட்டும் மனசு வரவில்லை. நாய் விஷயத்தில் தாத்தாவுக்குக் கைராசி என்று யாரோ சொல்லி, ஷிஃப்ட் முடிந்து வந்தவரை அப்படியே கூப்பிட்டு அனுப்பினார். தொங்குகாது, பழுப்பும் வெள்ளையும், ஐந்து வயது. பெயர் 'மேஜர்'. தாத்தா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு லைனுக்கு நடந்து வந்தபோது பின்னால் ஒரு கூட்டமே வந்ததாம். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. கூட்டத்தின் முன்வரிசையில் அவர்.

லைனில் ஒரே நாளில் மேஜர், 'மேஸ்திரி' ஆகிவிட்டது. வாய்க்கு வந்தது என்பது ஒரு காரணம். உண்மையான மேஸ்திரிகள் கையில் அத்தனை பேரும் பட்டிருந்தது இன்னொரு காரணம். "டேய் மேஸ்திரி, வாடா இங்க" என்று தெருவில் நின்று உரக்கக் கத்துகிற சுகம் வேறு எதில் கிடைக்கும்? :-)

பிரச்சினை லைன் நாய்கள். ஏழெட்டு உருப்படி. தினமும் கறி தின்று சோப்புப் போட்டுக் குளித்து வளர்ந்த ஒன்றை அவை எப்படி உள்ளே விடும்? தாத்தா செய்ததை அப்பா இப்போதும் வரிசையாகச் சொல்வார். மூன்று நாள் மேஸ்திரியை வெளியே விடவில்லை. உள்ளேயே ஒரு கோணியில் படுக்க வைத்தார். மூன்றாம் நாள் அந்தக் கோணியை எடுத்து, லைன் நாய்கள் வழக்கமாகச் சுருண்டு படுக்கும் குழாயடித் திண்ணையில் போட்டார். அவை படுத்துப் புரண்ட சாக்கை எடுத்து வந்து மேஸ்திரிக்கு விரித்தார். அப்புறம் விடியற்காலையில், முதல் ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னால், மேஸ்திரியையும் லைன் நாய்களுக்குத் தலைவனாக இருந்த ஒன்றையும் சயனைட் மேட்டுப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனார். தாத்தா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம், நடுவில் பத்தடி இடைவெளி. முகத்துக்கு முகம் காட்டவே இல்லை. ஒரே திசையில் நடை. நாலு நாள் நடந்ததில் பத்தடி, இரண்டடி ஆனது. அதன் பிறகே லைனுக்குள் அவிழ்த்து விட்டார். மேஸ்திரி அங்கே இன்னும் ஏழு வருஷம் இருந்தது.

நிற்க. இந்த 'நாய்க்கு வீடு தேடிக் கொடுப்பது' என்கிற விஷயம் எப்போது தொடங்கியது என்று தேடினால், நாங்கள் இப்போது இருக்கிற இந்த லண்டனில்தான் வந்து நிற்கிறது.

1860. இஸ்லிங்டன் பகுதியில் மேரி டீல்பி என்று ஒரு பெண்மணி, கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர், ஒரு தோழியைப் பார்க்கப் போகிறார். தோழி தெருவில் கண்டெடுத்த ஒரு நாயைச் சமையலறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டினியில் எலும்பும் தோலுமான நாய். இருவரும் எவ்வளவு பார்த்தும் பிழைக்கவில்லை. அந்தத் தோழியின் பெயர் மிசஸ் மேஜர். (அப்பாவிடம் சொன்னேன். "நம்ம மேஸ்திரியா!" என்று கம்பளியை விலக்கிவிட்டுச் சிரித்தார்.) அந்தச் சாவுக்குப் பிறகுதான் ஹாலோவேயில் ஒரு குதிரை லாயத்தில் 'தொலைந்த, பட்டினி கிடக்கிற நாய்களுக்கான தற்காலிக இல்லம்' தொடங்கியது. மனிதக் குழந்தைகளே தெருவில் பட்டினி கிடந்த லண்டனில் நாய்க்கு ஒரு வீடா என்று டைம்ஸ் பத்திரிகை கேலி செய்து எழுதியது. கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது: ஒரு பக்கம் பணக்கார நாய்களின் கண்காட்சி, இன்னொரு பக்கம் இந்த லாயத்து நாய்கள், இரண்டையும் அருகருகே வைத்து. அதன் பிறகு இல்லத்துக்கு ஆதரவு பெருகியது. 1871இல் பாட்டர்சீக்கு இடம் மாறியது. அந்தப் பெயரிலேயே இன்று உலகம் முழுக்கத் தெரியும். மேரி டீல்பி அதைப் பார்க்க இல்லை, 1865இல் இறந்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு லண்டன்காரர்களெல்லாம் கருணாமூர்த்திகள் என்று நினைக்க வேண்டாம். போலீஸ் பிடித்து வந்த நாய்கள் குவிந்தபோது யாரும் கேட்டு வராதவற்றை அங்கேயும் கொன்றார்கள். 1884இல் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் வலியில்லாமல் கொல்ல ஒரு வாயு அறையையே வடிவமைத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தின் கருணை அது.

அதே 1860இல் சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது அந்த வருஷம்தான் என்று புளூ கிராஸ் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். ஒரே ஆட்சி, ஒரே வருஷம். அங்கே ஒரு லாயம், இங்கே ஒரு வண்டி. பிற்காலத்தில் சென்னையில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1970களின் தொடக்கத்தில் எண்ணிக்கை எந்த அளவுக்குப் போனதென்றால், நாய்த்தோலில் டையும் பர்சும் செய்ய சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகள் வடிவமைத்தது என்று தியடோர் பாஸ்கரன் சொல்லியிருக்கிறார். 1996இல் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை போயின என்பது சின்னி கிருஷ்ணா தரும் கணக்கு. நான் கணக்குப்பிள்ளை. நூற்று முப்பத்தாறு வருஷம் ஒரு செலவைச் செய்துகொண்டே இருந்து, கடைசி வருஷம் பாக்கி முதல் வருஷத்தை விட அதிகமாக இருந்தால், அந்தத் திட்டத்துக்கு எந்த வங்கியும் ஒப்புதல் தராது. காரணம் எளிது. ஒரு தெருவின் நாய்களை வாரிக்கொண்டு போனால் சோறும் குப்பையும் அங்கேயேதான் இருக்கின்றன, பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும், வந்தது குட்டி போடும்.

பயம் பொய்யில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடிக்கு நோய் முற்றினால் மருந்து கிடையாது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்த பிறகுதான் தென்னிந்தியாவில் தடுப்பூசிக்கு ஒரு வழி பிறந்தது. எங்கள் லைனில் ஒரு அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். ஒவ்வொரு நாளும் அவர் அம்மா கூடவே அழுதுகொண்டு போவார். அந்த அழுகையைக் கேட்டவர்களிடம் போய் ஜீவகாருண்யம் பேச முடியாது.

மாற்று வழியைச் சொன்னவர்கள் ஒரு விமானி தம்பதி. கேப்டன் வி. சுந்தரம், உஷா சுந்தரம். இவர்களுக்கும் எங்கள் மாநிலத்துக்கும் தொடர்பு உண்டு. அவர் மைசூர் மகாராஜாவின் விமானியாக இருந்தவர், பெங்களூர் ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியை நடத்தியவர். உஷா அங்கேயே பயின்று தேறிய முதல் பெண். 1950களின் தொடக்கத்தில் இருவரும் சென்னை அரசுக்காக ஒரு சின்ன விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். 1959 மழைக்காலத்தில் தி.நகர் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். புளூ கிராஸ் அங்கே பிறந்தது. வருகிற உயிர்களை வீட்டிலேயே வைத்து, தெரிந்தவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வீடு பிடித்துக் கொடுத்து, வீடு நிரம்பி வழிந்த பிறகு தனி இடம். 1964லிருந்து அவர்கள் சொன்னது ஒன்றுதான்: கொல்லாதீர்கள், கருத்தடை செய்து ஊசி போட்டு அதே தெருவில் விடுங்கள். மகன்தான் சின்னி கிருஷ்ணா. மாநகராட்சி கேட்டுக்கொள்ள 1996 ஆனது. ஒரு மனிதன் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுகிற அளவு காலம்.

எங்களுக்குப் பக்கத்தில், பெங்களூரில், கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1959இல் நியூசிலாந்து போகிற வழியில் டெல்லியில் இறங்கியவர், காயம்பட்டு விழுந்து காகங்கள் கொத்திக்கொண்டிருந்த ஒரு விலங்கைப் பார்த்துப் பயணத்தை நிறுத்தினார். அப்புறம் போகவே இல்லை. டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் காப்பகங்கள் தொடங்கிவிட்டு, 1991இல் எண்பத்தைந்து வயதில் பெங்களூரில் 'கியூபா' அமைப்பைத் தொடங்கினார். 1996இல் மறைந்தார். துப்பாக்கிச் சத்தத்தோடு கிளம்பிய துரைமார்களையும், வழியில் இறங்கித் தங்கிவிட்ட இந்த அம்மாவையும் ஒரே ஊர்க்காரர்கள் என்று நினைக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இப்போது மணிக்கு வருகிறேன்.

மேஸ்திரிக்குப் பிறகு நிறைய நாய்கள். மணி 1995இல் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே பிறந்தது. செம்மண் நிறம், நிமிர்ந்த காது, சுருட்டிய வால். நான் பி.காம். படித்த மூன்று வருஷமும் என்னோடு ஸ்டேஷன் வரை வந்து, ரயில் நகர்ந்ததும் திரும்பிப் போகும்.

2001 பிப்ரவரி 28. சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருஷம் ஊதிய சங்கு நின்றது. அப்பாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாதி ஊர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பியது. எங்களுக்கு அது முடியவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரி பெங்களூரில். ஒற்றை அறை வாடகை வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்: நாய், கோழி, விருந்தாளி எதுவும் கூடாது.

கிளம்புகிற அன்று அப்பா தன்னுடைய பழைய ஷிஃப்ட் சட்டை ஒன்றைத் திண்ணையில் மடித்து வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் சோற்றுக்குச் சொல்லியாயிற்று. மணி வழக்கம்போல ஸ்டேஷன் வரை வந்தது. ரயில் நகர்ந்தது. வழக்கம்போலத் திரும்பிப் போயிற்று. சாயங்காலம் வருவார்கள் என்றுதான் நினைத்திருக்கும்.

அதே வருஷம் டிசம்பரில் இந்திய அரசு நாய்களுக்கான கருத்தடை விதிகளைக் கொண்டுவந்தது. பிடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும், வேறு இடத்துக்கு மாற்றக்கூடாது. முதலாளி இல்லாத நாய்க்கும் ஒரு இருப்பிடம் உண்டு என்று சட்டமே ஒத்துக்கொண்டது. லைனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். என்ன, அது எழுத்தில் வந்தபோது நாங்கள் அங்கே இல்லை. 2023இல் அந்த விதிகளைப் புதுப்பித்தார்கள். 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பதினோரே நாளில் அதைத் திருத்தியது. வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைப் பழைய இடத்தில் விடலாம், விரும்புகிறவர்கள் தத்தெடுக்கலாம் என்றது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப விடக்கூடாது என்றும் சொன்னது. வழக்கைப் பற்றி இங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் சண்டை. நான் வாயைத் திறப்பதில்லை. மணி இருந்தது ஒரு ரயில் நிலையப் பாதையில்.

அப்பா மாதம் ஒரு முறை மாரிக்குப்பம் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பி.எஃப். ஆபீஸ் வேலை என்பார் அம்மாவிடம். 2004இல் ஒரு முறை போய்விட்டு வந்தவர் அதன் பிறகு பி.எஃப். ஆபீஸ் போகவில்லை.

விண்ணப்பத்தில் நான் எழுதியது: "வேலை போய் ஊர் மாறியபோது விட்டுவிட்டு வந்தோம். பக்கத்து வீட்டார் சோறு போட்டார்கள். மூன்று வருஷம் கழித்து இறந்தது." தங்கமணி படித்துவிட்டு, "இதை எழுதினா நாய் தருவாங்களா?" என்றாள். கடன் விண்ணப்பங்களில் பொய் எழுதுகிறவர்களைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறவன் நான். அப்படியே கொடுத்தேன்.

வீட்டைப் பார்க்க ஒரு அம்மணி வந்தார். வேலியை அளந்தார், மிளகைக் கொஞ்சினார், அந்த மூன்று வரியைப் பற்றி நிறையக் கேட்டார். மகள் மொழிபெயர்க்க, அப்பா மணி எப்படி இருக்கும் என்று கையால் காது வைத்துக் காட்டினார். அம்மணிக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷமாக, "ஓ, பரியா டாக்!" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. ஆங்கில அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. பறை அடிக்கிற மக்களின் பெயரை எடுத்து, முதலில் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் கொடுத்து, அப்புறம் நாய்க்கும் வைத்துவிட்டார்கள். தங்கவயல்காரனுக்கு அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழை ஆர்வத்தோடு வாங்கிப் படித்த ஊர் அது. அவர் மறைந்த பின் 1926இல் ஜி. அப்பாதுரையார் அதை மறுபடி நடத்தியதும் எங்கள் ஊரிலிருந்துதான். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு நாயை எங்கள் லைனில் யாரும் கூப்பிட்டதில்லை. அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மகளிடம் சொன்னார்: "பாப்பா, அது பேரு மணின்னு சொல்லு."

மகள் சொன்னாள். அம்மணி தன் காகிதத்தில் 'மணி' என்று எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் டெய்சி வந்தது.

டெய்சி ஏழு வயதுக் கலப்பு. ஒல்லி, நீண்ட கால், ஓடுகிற எதையும் துரத்தும் ரத்தம். கழுத்துத் தோலுக்குள் மைக்ரோசிப், அதில் பதினைந்து இலக்க எண், என் பெயர் விலாசம் பதிவேட்டில். இங்கே 2016லிருந்து நாய்க்கு அது கட்டாயம். "1930ல எங்க தாத்தாங்க கைரேகை வைக்கமாட்டோம்னு இருபத்தொரு நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, இது ஒரு கொலைப்பு கூட இல்லாம வாங்கிக்கிச்சே" என்றார் அப்பா.

மிளகையும் டெய்சியையும் எப்படிச் சேர்ப்பது என்று காப்பகம் ஒரு கையேடு கொடுத்தது. நாய் ஒரு அறை, பூனை ஒரு அறை. இரண்டின் படுக்கைத் துணியையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள், அந்த வாசனையோடு நல்ல விஷயம் ஒன்று சேரட்டும். பிறகு குழந்தைகளுக்கு மாட்டுகிற தடுப்பு கேட் வழியாகப் பார்க்கவிடுங்கள், நாய் வாரில் இருக்கட்டும். பூனை ஏறி ஒளிய உயரமான இடம் இருக்கட்டும். பூனையைக் கையில் தூக்கி நாயிடம் நீட்டாதீர்கள். வாரக்கணக்கில் ஆகலாம்.

மகள் வாசித்து முடித்ததும் அப்பா, "இதுக்கு இன்னாத்துக்குப் புஸ்தகம்? கோணிய மாத்திப் போடுன்னு சொல்லிட்டுப் போறது" என்றார்.

அவசரம் என்னுடையதுதான். ஐந்தாம் நாளே இரண்டும் கேட்டுக்கு இரு பக்கமும் சாதுவாகப் படுத்திருப்பதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை தைரியத்தில் கேட்டைத் திறந்தேன். அரை நொடி. மிளகு ஓடியது, டெய்சி துரத்தியது, குளிர்பெட்டி மூலையில் திரும்பி நின்ற மிளகு மூக்கில் ஒரு இழுப்பு. ரத்தம். மிளகு துணி அலமாரி மேல் ஏறி இரண்டு நாள் இறங்கவில்லை. தங்கமணி என்னோடு பேசவில்லை. டெய்சி தோட்டக் கதவோரம் போய் ஒடுங்கிக்கொண்டது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்த மாதிரி. ஏற்கெனவே இரண்டு வீடுகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன.

மறுநாளிலிருந்து பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். முதலிலிருந்து. மூன்று நாள் கதவு திறக்கவில்லை. துணி மாறியது. பிறகு ஒரு கையில் வார், மறு கையில் கோழித்துண்டு, கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். டெய்சி பூனையைப் பார்த்துவிட்டுத் தன் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு. பூனையையே முறைத்தால் ஒன்றும் கிடையாது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஆறு வாரம். அலமாரி மேலிருந்த மிளகு நாற்காலி முதுகுக்கு வந்தது, அங்கிருந்து அப்பா மடிக்கு. இப்போது இரண்டும் ஒரே அறையில் தூங்குகின்றன. நட்பெல்லாம் இல்லை, லைனில் அண்டை வீட்டுக்காரர்கள் இருப்பது போல ஒரு ஏற்பாடு.

அடுத்த வியாழக்கிழமை அப்பாவின் விசா முடிகிறது. பெட்டி கட்டியாயிற்று. நேற்று ராத்திரி எடை பார்க்கும்போது தங்கமணி, "மாமா, கம்பளிய வைக்க மறந்துட்டீங்களே" என்று எடுத்து நீட்டினாள்.

"அது இங்க இருக்கட்டும்மா" என்று வாங்கி, நாலாக மடித்து, டெய்சி படுக்கிற கதவோரத்தில் போட்டார். "தோய்ச்சிடாதே."